பழைய வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தேவையா?

எங்க பக்கம் இயற்கை விவசாயம் செய்கிறவர்களில் பலரும் என்னைப் போல அறுபதைத் தாண்டியவர்கள். கேழ்வரகு, சாமை, காய்கறி எல்லாவற்றையும் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று நாமே கொண்டுபோய் விற்கிறோம். கமிஷன் மிச்சம்தான். ஆனா கடைத்தெரு நெரிசலில் கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு இடது முட்டி தேய்ஞ்சு போகுது. அதனால், பழைய மினி லாரியின் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, காயலான் கடையில் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தினால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் இது ஒரு பெட்டியை எடுத்து இன்னொரு பெட்டியை வைக்கிற வேலை இல்லை. மேனுவல் வண்டியில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஃப்ளைவீலும் கிளட்ச் தட்டும் இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர். எண்ணெய் வழியாகச் சக்தி போகும். அந்த எண்ணெய் சூடாகும், கூலர் வேணும். கியர்பாக்ஸின் நீளம் மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பார்க்கணும். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை இடம் மாற்றி வெல்டிங் வைக்கணும். புது ரகம் என்றால் கியரை மாற்றச் சொல்ல கம்ப்யூட்டரும் சென்சாரும் தேவை. சரிப்படலைன்னு பழையபடி மேனுவலுக்கு வரணும்னாலும் கிளட்ச் பெடல், அதற்கான குழாய், கிராங்க் முனையில் உட்காரும் பைலட் பேரிங் என்று ஒவ்வொன்றாகத் தேடணும்.

அடுத்து, வண்டியின் சக்தி. 2005இல் வந்த முதல் டாடா ஏஸுக்கு இரண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி, 16 குதிரைத்திறன். அதில் ஒரு பங்கை டார்க் கன்வெர்ட்டர் வெப்பமாக விழுங்கினால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு ஏற என்ன மிஞ்சும்? இறங்குவதிலும் ஆபத்து உண்டு. ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதை டிரைவர்களின் பாடம். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடேறாது. ஒட்டுப்போட்ட கியர்பாக்ஸ் அந்தப் பிடியைச் சரியாகத் தரும் என்று யார் உறுதி சொல்வார்கள்?

மூன்றாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கடன் நிலுவையில் இருக்கும் வண்டி, வங்கிக்கு ஈடாக நிற்கும் சொத்து. கேட்காமல் கைவைத்தால் கடன்காரரிடமும் பதில் சொல்லணும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரிடமும் வாதாடணும்.

'அப்போ முட்டி வலிக்கிறவன், புதுசா ஓட்டக் கத்துக்கிற பெண்கள் எல்லாம் என்ன பண்றது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆட்டோமேட்டிக் என்றாலே சோம்பேறித்தனம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உடல் குறைபாடு உள்ளவர்களுக்காக வண்டியை மாற்றியமைக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்யலாம். மற்றவர்கள், தேவைப்பட்டால் கம்பெனியே அப்படித் தயாரித்த வண்டியை வாங்குங்கள். 2022இல் அறிமுகமான மின்சார ஏஸில் கிளட்ச்சே கிடையாது. அதுவும் கட்டுப்படியாகாதென்றால் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வண்டி, சம்பளத்துக்கு ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரில் ஒரு பிள்ளைக்கு வேலையும் ஆச்சு.

கையில் இருக்கும் பழைய வண்டிக்கு நல்ல கிளட்ச் தட்டு போடுங்கள், கேபிளை மாற்றுங்கள், பெடல் ஃப்ரீ பிளேயைச் சரிபாருங்கள். கிளட்ச் கடினமாக இருப்பதற்குப் பல வண்டிகளில் இதுதான் காரணம்.

இந்த மண்ணுக்கு ஓர் அனுபவம் உண்டு. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் பதமான தோல், குரோமியம் வந்ததும் சீக்கிரம் பதமாயிற்று. கைவேலை குறைந்தது, கழிவு பாலாற்றுக் கிணறுகளில் சேர்ந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைச் சொன்னபோது பல கிணறுகள் கெட்டு முடிந்திருந்தன. சுலபம் என்று தோன்றுவதன் முழுச் செலவையும் முதலிலேயே கணக்கெழுதிப் பார்க்கணும் என்பதை நாம்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யூரியா மூட்டைக்குப் போட்ட அந்தக் கணக்கை கியர்பாக்ஸுக்கும் போடுவோம். நம்ம ஊர் மெக்கானிக் கழற்றி மாட்டத் தெரிந்த வண்டி, நாமே எடுத்து வைக்கிற விதை மாதிரி. அதை விட்டுவிட வேண்டாம்.