வாலு போச்சு, காலு வந்தது!

ஐப்பசி மழை ரெண்டு நாள் வெளுத்து வாங்கினா போதும். ஆலங்குடி பக்கம் குளம், கண்மாய், வயலோரப் பள்ளம்னு தண்ணி நிக்கிற இடத்துல எல்லாம் கொஞ்ச நாள்ல கறுப்புக் கமா மாதிரி தலைப்பிரட்டைகள் நெளிய ஆரம்பிச்சிடும். அதுல நாலை ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிடிச்சுட்டு வந்து வளர்க்காதவங்க கையைத் தூக்குங்க... ம்ஹூம், ஒருத்தரும் இல்லை!

க்ளைமாக்ஸும் நிறைய வீட்டுல ஒண்ணுதான். பின்னங்கால் வரும். ஊரைக் கூட்டிக் காட்டுவோம். முன்னங்கால் வரும். மறுநாள் காலையில பார்த்தா மல்லாந்து மிதக்கும். 'ராசியில்லைப்பா'னு கொட்டிட்டுப் போயிடுவோம்.

ராசியெல்லாம் இல்லை பாஸ், பெரும்பாலும் அது மூழ்கித்தான் செத்திருக்கும்! தவளை மூழ்குமானு சிரிக்காதீங்க. முன்னங்கால் முளைக்கிற அந்தச் சில நாட்கள்ல உள்ளே பெரிய ரிப்பேர் வேலை நடக்குது. செவுள் சுருங்கி, நுரையீரல் பொறுப்பெடுத்துக்குது. பாசி தின்ன நீளக் குடல், பூச்சி தின்கிற குட்டைக் குடலா மாறுது. வாயும் மாறுறதால சாப்பிட முடியாது. அந்தப் பட்டினிக்கு டிபன் பாக்ஸ் வாலுதான். வால் உதிர்ந்து விழறதில்லை, உடம்பே அதைக் கரைச்சு உறிஞ்சிக்குது. எல்லாத்துக்கும் ஆர்டர் போடுறது தைராய்டு. 1912-ல் குடர்னாட்ஷ்னு ஒரு விஞ்ஞானி தலைப்பிரட்டைக்குத் தைராய்டு சுரப்பியை ஊட்ட, அது வளராமலே குட்டியூண்டு தவளையாகிடுச்சு!

இந்த நேரத்துல மூச்சு வாங்க ஏறி உட்கார ஒரு கரை வேணும். பாட்டிலோட வழுவழு சுவர்ல எங்கே ஏறும்?

தவளைக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார், நியூட். வாலோடவே வாழற கேஸ். நம்ம நாட்டுல டார்ஜிலிங் பக்கத்து மலைக் குளங்கள்ல இருக்கு. ஜோர்போக்ரியில அதுக்காகவே ஒரு சரணாலயம். குட்டி செவுளை உதறிட்டுக் கரையேறும், பெரிசானதும் மழைக்காலத்துல முட்டையிடத் தண்ணிக்குத் திரும்பும். அமெரிக்காவுல ஒரு வகைக் குட்டி, ஆரஞ்சு கலர்ல சில வருஷம் காட்டுக்குள்ள சுத்திட்டுத்தான் குளத்துக்கே வருது. அங்கெல்லாம் நியூட் வளர்க்கிறவங்க கரையேறின குட்டியை ஆழத்துல தள்ள மாட்டாங்க. தொட்டியில பாதி ஈரப் பாசி, பாதி ஆழமில்லாத தண்ணி. எப்போ எந்தப் பக்கம்னு அதுவே முடிவு பண்ணிக்கும். (ஹாஸ்டல் வார்டன்கள் கவனிக்க!)

விலங்கியல் லேப்ல உயிர்களை அறுக்கிறதை யூ.ஜி.சி. 2014-லயே நிறுத்தச் சொல்லிடுச்சு. அந்த டேபிள்ல ஒரு பிளாஸ்டிக் டப் வெச்சுப் பாருங்க, சார்ட்ல பார்க்காததெல்லாம் தெரியும். குளத்துத் தண்ணியே பெஸ்ட். குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் திறந்து வைங்க. வெந்த கீரை கொஞ்சமா. முன்னங்கால் முட்டிக்கிட்டு வர்றப்போ தண்ணியைக் குறைச்சு, டப்பைச் சாய்ச்சு, ஒரு பக்கம் கல்லும் ஈர மண்ணும் போடுங்க. மேலே வலை கட்டலைன்னா ராத்திரியே எஸ்கேப்!

வால் கரைஞ்சதும் கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அசையற பூச்சிதான் வேணும். கொசு பிடிச்சுப் போட நமக்கு செமஸ்டர் விடாது. அதனால எடுத்த குளத்துக் கரையிலேயே சாயங்காலமா விட்டுடுங்க. வேற குளம் வேணாம், நோய் தொத்தும்.