எலி பாஸ், எல்லோரும் பாஸ்!

போன வாரம் ஒரு கூட்டம். மருந்துக் கம்பெனி அதிகாரி ஒருவர், "எலிக்குக் கொடுத்துப் பார்த்தாச்சு, மரபணுவுக்குச் சேதமில்லை, பச்சைக் குழந்தைக்கும் பயமில்லை" என்று அடித்துவிட்டார். கைதட்டல் வேறு! எந்த வயசு எலி என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொல்கிறேன். ஆறு முதல் பத்து வாரம். இந்தச் சோதனைக்கான ஓஇசிடி அமைப்பின் வழிகாட்டி கேட்பதே நோய்நொடி இல்லாத இளவட்டத்தைத்தான். அது தாங்கினால் தொட்டிலும் தாங்குமாம், கைத்தடியும் தாங்குமாம்.

இவர்கள் 15 நாள் சுண்டெலிக் குட்டியைப் பார்த்ததுண்டா? கண் திறந்தே ஓரிரு நாள்தான் இருக்கும். நைட்ரோசமைன் வகைப் பொருளான டைஎதில்நைட்ரோசமைன் ஒரே ஊசி. சில மாதங்களில் ஈரலெங்கும் கட்டிகள். ஈரல் புற்றுநோய் ஆய்வாளர்கள் கட்டி வரவழைக்கக் காலங்காலமாகக் கையாளும் வழியே இதுதான்! வளர்ந்த எலிக்கு அந்த ஒற்றை ஊசி போதாது. குட்டியின் ஈரல் செல்கள் மளமளவென்று பிரிகின்றன. டிஎன்ஏவில் பட்ட காயம் ஆறுவதற்குள் நகலாகி நிலைத்துவிடுகிறது. வளர்ந்த ஈரலில் செல் பிரிவது அபூர்வம். பழுதுபார்க்க அவகாசம் உண்டு.

அந்த இளவட்டத்திலும் எங்கே தேடுகிறார்கள்? பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில். இளம் சிவப்பணுவுக்குள் புள்ளியாய்த் தெரியும் நுண்கருவை எண்ணுகிறார்கள். நைட்ரோசமைன் நஞ்சாக மாறுவது முக்கியமாக ஈரலில். மஜ்ஜைக்கு எட்டுவது சொற்பம். திருடன் சமையலறையில், டார்ச் அடிப்பது திண்ணையில். 15 நாள் குட்டியின் ஈரலைப் பாருங்களேன் ஐயா!

2018இல் வால்சார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் நைட்ரோசமைன் சிக்கியது. அதே மாசால் 2020இல் ரானிடிடின் என்ற வயிற்று அமில மாத்திரை அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. அப்போது என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமைனுக்கு வைத்த வரம்பு, நாளைக்கு 96 நானோகிராம். யாருக்கு? 50 கிலோ ஆளுக்கு! எல்லாவற்றையும் எடையால் வகுத்துவிடுவது நம் பழக்கம். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளை வாயில் போடுவதும் அதே கணக்குத்தான். அந்தக் கணக்கு தப்பும். குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகிச் செத்தது 1959இலேயே மருத்துவ இதழில் வந்தாயிற்று. மரபணுவைத் தாக்கிப் புற்றுநோய் தரும் பொருளென்றால், தனித் தரவு இல்லாதபோது இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்தைப் பத்தால் பெருக்கச் சொன்னது 2005இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. 15 நாள் குட்டி அதற்கும் முன்பே சொன்னதுதான்.

கிழட்டு எலியையாவது சோதிக்கிறார்களா? அதற்கு இரண்டு வருஷம் தீனி போட வேண்டும், கூண்டுச் செலவு வேறு. வால்சார்டானை விழுங்குபவர்களில் பலர் தாத்தா பாட்டிகள் என்பது யாருக்குக் கவலை?