எனது எது? உனது எது?

“அண்ணே, என் கார்ட அவன் எடுத்துக்கிட்டான்!”

2005-ஆம் ஆண்டின் பள்ளி விடுமுறை. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். பினாங்குப் பாலத்தைக் கடந்து, பேருந்து மாறி, ஜுருவில் இருந்த எங்கள் வீட்டை அடைந்தபோது தோளில் கிடந்த பையைக் கூட இறக்கி வைக்கவில்லை. பத்து வயதுத் தம்பி வாசலில் அழுதுகொண்டு நின்றான். பக்கத்து வீட்டுப் பையனின் கையில் ஓர் அட்டை. யூகியோ ஆட்டத்தின் ‘புளூ ஐஸ் வைட் டிராகன்’. தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்துத் தம்பி வாங்கிய அட்டை அது.

“நான் ‘சேஞ்ச் ஆஃப் ஹார்ட்’ போட்டு எடுத்தேன் அண்ணே. அப்புறம் ஜெயிச்சேன். அதனால இது என்னோடது” என்றான் பக்கத்து வீட்டுப் பையன்.

நான் எதையும் கேட்கவில்லை. அட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கித் தம்பியிடம் கொடுத்தேன். அவன் அழுதுகொண்டே ஓடினான். அவன் அம்மா வந்தார். என் அம்மாவும் வெளியே வந்தார். “என் பிள்ளை திருடனா?” என்ற ஒரே கேள்வியில் இரண்டு வீடுகளுக்கும் இடையே பேச்சு நின்றது.

அன்றிரவு, அட்டைப் பெட்டிக்குள் யாரும் பிரித்துப் பார்க்காமல் கிடந்த ஆங்கில விதி நூலைப் படித்தேன். ‘சேஞ்ச் ஆஃப் ஹார்ட்’ என்ன செய்கிறது? எதிராளியின் ஓர் அரக்கனை அந்தச் சுற்று முடியும் வரை நம் ஆளுகைக்குள் கொண்டு வருகிறது. அவ்வளவுதான்! சுற்று முடிந்ததும் அது திரும்பிப் போய்விடும். நடுவில் அழிந்தாலும், ஆண்டவரின் இடுகாட்டிற்குப் போகாது. உடைமையாளரின் இடுகாட்டிற்கே போகும். அப்படியானால் நான் செய்தது சரிதானே? நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலை பசியாறும்போது தம்பி மெல்லச் சொன்னான்: “தோத்தவன் நல்ல கார்டக் கொடுக்கணும்னு முன்னமே பேசிக்கிட்டோம் அண்ணே. டிவில அப்படித்தான் வரும்.”

எனக்குத் தொண்டையில் உணவு இறங்கவில்லை. அந்தப் பையனின் வழக்குக்கு இரண்டு கால்கள் இருந்தன. ஒன்று, அட்டையின் விளைவு; அது தவறான வாதம். மற்றொன்று, இருவரும் பேசி வைத்த பந்தயம். அதை நான் கேட்கவே இல்லை.

நண்பர்களே, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

இவ்வகைச் சேகரிப்பு அட்டை ஆட்டங்களுக்கு வழிகாட்டி, 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் உருவாக்கிய ‘மேஜிக் தி கேதரிங்’. அதன் விதிகள் இரண்டு சொற்களைக் கறாராகப் பிரிக்கின்றன. ஆட்டம் தொடங்கும்போது அட்டை எவருடைய கட்டில் இருந்ததோ அவர் உடைமையாளர். இப்போது அதை இயக்குபவர் ஆளுபவர். ஆளுகை பத்து முறை மாறலாம், உடைமை மாறாது. பலர் சேர்ந்து ஆடும்போது ஒருவர் எழுந்து போனால், பிறர் ஆளுகையில் இருக்கும் அவருடைய அட்டைகளும் அவரோடு ஆட்டத்தை விட்டுப் போய்விடும்.

ஆயினும், தொடக்கத்தில் அந்த ஆட்டத்திலேயே பந்தயம் இருந்தது. இருவரும் ஓர் அட்டையைப் பணயமாக வைப்பர்; வென்றவருக்கு அது சொந்தம். உடைமையையே மாற்றும் அட்டைகளும் சில இருந்தன. ஆனால் விளையாடியவர்களில் பலர் தம் அட்டையை இழக்க விரும்பவில்லை. சூதாட்டம் என்ற சிக்கலும் எழுந்தது. பணயம் பற்றிய அட்டைகள் மொத்தம் 9. கடைசியாக ஒன்று 1995-இல் வெளிவந்தது. அதன்பின் அச்சிடவில்லை, போட்டிகளிலும் அவற்றுக்குத் தடை. யூகியோ ஆட்டத்தின் விதி நூலில் பணயமே இல்லை. தொலைக்காட்சித் தொடரில்தான், ‘பேட்டல் சிட்டி’ போட்டியில், தோற்றவர் தம் அரிய அட்டையைக் கொடுப்பார். எங்கள் வாசலில் நடந்தது கதையின் விதி. ஆட்டத்தின் விதி அன்று!

இதில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை நம் இலக்கணம் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பிரிக்கிறது. ‘எனது கை’ என்னை விட்டுப் பிரியாதது. ‘எனது புத்தகம்’ பிரியக் கூடியது. அட்டை இரண்டாம் வகை. ஆனால் பிரிந்து இன்னொருவர் கையில் இருக்கும்போது அது யாருடையது? வாடகை வீட்டில் இருப்பவரும் ‘என் வீடு’ என்கிறார். வீட்டுக்காரரும் ‘என் வீடு’ என்கிறார். ‘என்’ என்ற ஒரே சொல் இரண்டு பேருக்கும் போதவில்லை. அதனால்தான் மேஜிக் அட்டைகள் பெரும்பாலும் ‘நீ ஆளும் உயிரி’ என்றும், ‘அதன் உடைமையாளர் கைக்கு’ என்றும் பிரித்தே எழுதுகின்றன.

அட்டை கைமாறும் வழிகளுக்கும் நம்மிடம் சொற்கள் உண்டு. அதே பொருளைத் திருப்பித் தருவது இரவல். வாங்கிய அளவுக்கு ஈடாகத் திருப்பித் தருவது கைமாற்று. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவது பண்டமாற்று. வென்றால் எடுத்துக்கொள்வது பந்தயம். ஓர் அட்டையை இரவல் வாங்கியவன் அது கசங்கிய பிறகு அதே படம் போட்ட வேறோர் அட்டையை நீட்டினால், அவன் இரவலைக் கைமாற்றாக மாற்றப் பார்க்கிறான். கோலிக்குண்டு ஆடிய நம் அப்பாக்கள் ஆட்டத்திற்கு முன்பே ‘கெலிப்பா, சும்மாவா’ என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்வியைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

“சிறுவர் விளையாட்டுக்கு இவ்வளவு விசாரணையா?” என்று சிலர் சிரிக்கலாம். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், வயது நிரம்பாதவரை ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவராகக் கொள்வதில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த வயது 18. எனவே பத்து வயதுப் பிள்ளைகள் பேசி வைத்த பந்தயத்தை ஒரு பெரியவர் கலைத்திருக்கலாம், கலைத்திருக்கவும் வேண்டும். ஆனால் எப்படி? இருவரையும் உட்கார வைத்து, “நீ அட்டையை ஆண்டாய், அது உனக்கு உடைமையாகவில்லை. நீங்கள் பேசிய பந்தயம் உங்கள் வயதுக்குச் செல்லாது. ஆனால் நீ திருடவில்லை” என்று சொல்லியிருக்க வேண்டும். அட்டை அதே கைக்குத்தான் திரும்பியிருக்கும். ஆனால் ஒரு பிள்ளை திருடன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

தீர்ப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது. காரணத்தையும் சொல்ல வேண்டும். விதி என்பது வலியவன் பிடுங்குவதற்கு முன் இருவரும் படிக்க வேண்டிய ஒன்று. அன்று அங்கே வலியவன் நான்தான்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் தமிழ்ப்பள்ளிகளில் முகாம் நடத்தப் போகிறீர்கள். அங்கே பிள்ளைகள் அட்டை ஆடினால் விரட்டாதீர்கள். ஒரே ஒரு பக்கத்தில், எளிய தமிழில், ஆட்டத்திற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுங்கள்: இது யாருடைய அட்டை? இரவலா, மாற்றா? ஆட்டம் முடிந்ததும் எது எவரிடம் திரும்ப வேண்டும்? அட்டையில் ‘வரை’ என்ற சொல் இருக்கிறதா? பந்தயம் வேண்டாம் என்பதை முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.

அந்த ஆண்டு முடிவில் பக்கத்து வீட்டார் சுங்கை பட்டாணிக்குக் குடிபெயர்ந்தார்கள். சாமான் லாரி புறப்பட்ட அன்று நான் விடுதியில் இருந்தேன். தம்பி இப்போது வேலைக்குப் போகிறான். அந்த அட்டை இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அது அவனுடைய உடைமை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பையனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும், திருப்பிக் கொடுக்காத இரவலாக இன்னும் என்னிடமே இருக்கிறது.