மாடு மாண்ட வீட்டில்



கூமாப்பட்டியில், ஆண்டாண்டுகளாய்க் கோவில் மணி அடித்துவந்த உழவர் ஒருவர், தம் இரு கறவை மாடுகளையும் நோயில் பறிகொடுத்தார். "கோவிலுக்கு உழைத்த எனக்கா இது, சாமி? சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்" என்றார். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

நட்டாலத்து நீலகண்ட பிள்ளையும் கால்நடைகளை இழந்து கலங்கியவரே. அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தவர் டிலனாய். அவரோ 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர். இழந்தவரே இழந்தவரைத் தேற்றினார். 1745இல் பிள்ளை வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதனால் துன்பம் அகன்றதா? இல்லை. 1749இல் விலங்கு, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் துப்பாக்கிக் குண்டு. குருவானவரல்லர், துறவியுமல்லர், இல்லறத்தார். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதரென அறிவித்தார்.

உழவரிடம் இதைச் சொன்னேன், சாவியை வாங்கவில்லை. "அதே நோயில் மாடிழந்த கைம்பெண் ஒருத்தி அடுத்த தெருவில் இருக்கிறாள். நான் போய்ச் சொல்வதைவிட நீங்கள் போய் உட்கார்ந்தாலே போதும்" என்றேன்.

அன்று மாலை அவ்வீட்டுத் திண்ணையில் அவரைக் கண்டேன். சாவி அவர் மடியில் இருந்தது.

அன்பர்களே, நம் காயங்களையும் ஆண்டவர் தம் பணிக்குக் கேட்கிறார். மறுக்க வேண்டாம்.