அதிமதுரத்துக்குப் பக்கவிளைவே இல்லையாம்!

மூலிகைப் பதிவு போடும் நண்பர்கள் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். வேண்டுகோள்னு மரியாதையாத்தான் ஆரம்பிக்கிறேன், போகப் போக சண்டையா மாறினாலும் மாறும், இப்பவே சொல்லிடறேன். "பக்கவிளைவுகள் அற்றது" என்கிற அந்த ரெண்டு வார்த்தையை இனிமே எழுதாதீங்க. எந்த மூலிகைக்கும் எழுதாதீங்க. அதிமதுரத்துக்கு சத்தியமா எழுதாதீங்க.

முதல் கல்லை என் மேலேயே எறிஞ்சுக்கிறேன். சில வருஷம் முன்னாடி இதே இடத்துல 'அதிமதுரத்தின் அற்புதப் பயன்கள்'னு ஒரு பதிவு போட்டேன். தொண்டைக்கட்டு, வறட்டு இருமல், வயிற்றுப்புண், வாய்ப்புண், முடி கொட்டுவது, குரல் வளம்னு மொத்தம் பதினாறு பயன். அதுல எனக்கே அனுபவத்துல தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, தொண்டைக்கட்டு. மிச்சம் பதினஞ்சும் அங்க இங்க பொறுக்கினது. கடைசி வரி: "பக்கவிளைவுகள் அற்றது, எல்லா வயதினரும் தினமும் சாப்பிடலாம்." இந்த வரிக்கு என்கிட்ட என்ன ஆதாரம் இருந்தது? ஒண்ணும் கிடையாது. எல்லாரும் அப்படித்தான் முடிக்கிறாங்க, நானும் முடிச்சேன். "பயனுள்ள தகவல், நன்றி"ன்னு பின்னூட்டம் வேற வந்துச்சு. ஜிவ்வுன்னு இருந்தது.

அந்தப் பதிவை ஒருத்தர் உண்மையிலேயே நம்பிட்டாங்க. எங்க அம்மா.

அம்மாவுக்கு அறுபத்தி நாலு வயசு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, அதோட நீர் பிரியறதுக்கு ஒரு மாத்திரை. நெஞ்செரிச்சல் பழைய தொந்தரவு. பையனே எழுதியிருக்கான்னு நாட்டு மருந்துக் கடையில அதிமதுரப் பொடி வாங்கி, காலையும் ராத்திரியும் ஒன்றரை டீஸ்பூன் போட்டுக் கொதிக்க வச்சுக் குடிச்சிருக்காங்க. நெஞ்செரிச்சல் நிஜமாவே குறைஞ்சிருக்கு. "அதிமதுரம் நல்லாக் கேக்குதுப்பா"ன்னு போன்ல சொன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கலை.

ரெண்டு மாசம் ஓடிச்சு. காலும் முகமும் வீங்க ஆரம்பிச்சது. மாடிப்படி ஏறினா பாதியில உக்காந்துடறாங்க, தொடையில பலமே இல்லைன்னாங்க. பிரஷர் 180க்குப் போயிடுச்சு. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். இறங்கலை. ரத்தம் எடுத்துப் பார்த்தா பொட்டாசியம் 2.7. குறைஞ்சது 3.5 இருக்கணும். அட்மிட்.

"மாத்திரை தவிர வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?"ன்னு டாக்டர் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க"ன்னாங்க அம்மா. பக்கத்துல நின்ன நானும் இல்லைன்னுதான் தலையாட்டினேன். ரெண்டு பேருமே பொய் சொல்லலை. அதிமதுரம் எங்களுக்கு மருந்து லிஸ்ட்லயே கிடையாது. அது வேர்தானே? மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கேள்வியை மாத்திக் கேட்டாங்க: "காலையில எழுந்ததும் முதல்ல என்னம்மா குடிப்பீங்க?" அப்பதான் அம்மா வாயில அதிமதுரம் வந்தது. எனக்கு அந்த இடத்துலேயே வேர்த்துடுச்சு.

அதை நிறுத்தி, பொட்டாசியம் ஏத்தி, எல்லாம் பழைய நிலைக்கு வர மூணு வாரம் ஆச்சு. இப்ப நல்லா இருக்காங்க. நான்தான் படிக்க உக்காந்தேன். பதிவு எழுதறதுக்கு முன்னாடி படிச்சிருக்க வேண்டியதை எழுதினதுக்கு அப்புறம் படிச்சேன்.

உள்ள நடக்கிறது இதுதான். நம்ம உடம்புல ஆல்டோஸ்டீரோன்னு ஒரு ஹார்மோன். சிறுநீரகத்துல ஒரு நாற்காலியில உக்காந்து "உப்பை நிறுத்து, பொட்டாசியத்தை வெளியே அனுப்பு"ன்னு உத்தரவு போடற அதிகாரி. அதே நாற்காலியில கார்ட்டிசாலும் உக்கார முடியும். அதுவும் ஹார்மோன்தான், ஆனா ரத்தத்துல ரொம்ப அதிகமா இருக்கும். இது கும்பலா வந்து நாற்காலியைப் பிடிச்சுக்கக் கூடாதுன்னு வாசல்ல ஒரு வாட்ச்மேன் மாதிரி ஒரு நொதி நிக்குது. கார்ட்டிசால் வர வர அதைக் கார்ட்டிசோனா மாத்தி அனுப்பிடும். அதிமதுரத்தோட இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின்னு ஒரு பொருள், சர்க்கரையை விட சுமார் ஐம்பது மடங்கு இனிப்பு. அது குடல்ல உடைஞ்சு வர்ற அமிலம் நேரா போய் இந்த வாட்ச்மேனைத் தூங்க வச்சுடும். அப்புறமென்ன, கார்ட்டிசால் கும்பல் நாற்காலியில ஏறி உத்தரவு போட ஆரம்பிச்சுடும். உப்பும் தண்ணியும் உடம்புல தங்கும், வீக்கம், பிரஷர். பொட்டாசியம் வெளியேறும், தசை பலவீனம், முத்திப்போனா இதயத் துடிப்பே தாறுமாறாகும். எங்கம்மா சாப்பிட்ட நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேத்தற ரகம். ரெண்டும் சேர்ந்து ஒரே பானையில ரெண்டு ஓட்டை.

இது நேத்து கண்டுபிடிச்சதும் இல்லை. 1946லேயே நெதர்லாந்துல ரெவர்ஸ்னு ஒரு மருத்துவர், வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்து, புண் ஆறுதுன்னு எழுதினார். அதே கட்டுரையில, ஐந்தில் ஒருத்தர் அளவுக்கு முகமும் கைகாலும் வீங்குதுன்னும் எழுதினார். அடுத்த சில வருஷத்துல அந்த நாட்டு மருத்துவர்கள் இந்தக் 'கெட்ட' குணத்தையே நல்லதுக்குத் திருப்பி, உடம்புல உப்பு நிக்காத அடிசன் நோய்க்காரர்களுக்கு அதிமதுரம் கொடுத்துப் பார்த்தாங்க. 1960கள்ல இங்கிலாந்துல இதே வேர்ச் சரக்குல இருந்து கார்பினாக்சலோன்னு ஒரு அல்சர் மருந்தே வந்தது. புண்ணை ஆத்துச்சு, பிரஷரையும் ஏத்துச்சு. அப்புறம் வேற நல்ல மாத்திரைகள் வந்து அதை ஓரங்கட்டிடுச்சு.

கவனிச்சீங்களா? இந்தக் கதையில அதிமதுரம் தோக்கலை. வேலை செய்யற சரக்குன்னு நிரூபிச்சது. வேலை செய்யறதாலதான் வீங்கவும் வைக்குது. எங்கம்மாவுக்கு நெஞ்செரிச்சல் குறைஞ்சதும் நிஜம், பொட்டாசியம் இறங்கினதும் நிஜம். "பக்கவிளைவே இல்லை"ன்னு எழுதறவர் மூலிகையைப் புகழலை. அது வெறும் சக்கைன்னு தெரியாமலே சொல்லிட்டிருக்கார்.

இப்ப பின்னூட்டத்துல வரப்போற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்.

"அதெல்லாம் வண்டி வண்டியாத் தின்னாத்தான் வரும்." வண்டியெல்லாம் வேண்டாம். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல வேண்டாம்னு ஐரோப்பாவுல வச்சிருக்காங்க. மருந்துக்கான வேர்ல குறைஞ்சது 4 சதவீதம் கிளைசிரைசின் இருக்கணும்ங்கிறது உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கிற தரம். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் ரெண்டரை கிராம்னு வச்சுக்கோங்க. கணக்குப் போடுங்க: 100 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன்லேயே கோட்டைத் தொட்டாச்சு! கஷாயத்துல அத்தனையும் இறங்காது, ஒத்துக்கிறேன். ஆனா எங்கம்மா குடிச்சது ஒரு நாளைக்கு மூணு டீஸ்பூன். அந்த 100 மில்லிகிராமே சும்மா இல்லைன்னு 2024ல சுவீடன் ஆய்வு ஒண்ணு சொல்லுது. 18ல இருந்து 30 வயசுக்குள்ள ஆரோக்கியமான 28 பேருக்கு ரெண்டு வாரம் தினம் அந்த அளவு கொடுத்ததுல, மேல் அழுத்தம் சராசரியா 3 புள்ளி ஏறியிருக்கு. இளவட்டத்துக்கு மூணு புள்ளி ஒண்ணுமில்லை. ஏற்கெனவே மாத்திரை போட்டுட்டு இருக்கிற கிழவிக்கு?

"யாராவது செத்தாங்களா?" செத்திருக்காங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 54 வயசு கட்டடத் தொழிலாளி. மூணு வாரமா தினம் ஒண்ணு ரெண்டு பை கறுப்பு அதிமதுர மிட்டாய் சாப்பிட்டு, பொட்டாசியம் இறங்கி, சாப்பாட்டுக் கடையில மயங்கி விழுந்து, அடுத்த நாள் இறந்துட்டார். 2020ல மருத்துவ இதழ்ல வந்த கேஸ். அளவு மீறினவர்தான், சந்தேகமே இல்லை. ஆனா அந்த மிட்டாய் விக்கிற ஐரோப்பாவுல, குறிப்பிட்ட அளவுக்கு மேல அதிமதுரம் இருந்தா 'ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிகம் சாப்பிட வேண்டாம்'னு உறையில அச்சடிக்கணும்னு 2004லேயே சட்டம் போட்டுட்டாங்க. மிட்டாய்க்கு! எங்கம்மா வாங்கின பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பச்சை இலை படம் இருந்தது. "100% இயற்கை"ன்னு இருந்தது. அளவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

"நம்ம பாட்டன் முப்பாட்டன் சாப்பிடலையா?" சாப்பிட்டாங்க. எப்படின்னு யோசிங்க. தொண்டை கட்டினா ஒரு துண்டு வேரைக் கன்னத்துல அதக்கிக்குவாங்க. மேடையேறற பாடகர்கள் இன்னிக்கும் செய்யறதுதான். ரெண்டு நாள், மூணு நாள், தொண்டை திறந்ததும் விட்டுடுவாங்க. வைத்தியர்கிட்ட போனா நாடி பார்த்து, மூணு நாளைக்குப் பொட்டலம் கட்டி, இதோட சாப்பிடு, இதைத் தொடாதேன்னு பத்தியம் சொல்லி, மறுபடி வந்து காட்டுன்னு அனுப்புவார். இப்ப நாம என்ன பண்ணியிருக்கோம்? வைத்தியரைத் தூக்கியாச்சு. நாடியைத் தூக்கியாச்சு. அளவையும் நாளையும் பத்தியத்தையும் தூக்கியாச்சு. பொடியை மட்டும் அரைக்கிலோ டப்பாவுல வச்சுக்கிட்டு அதுக்கு மரபுன்னு பேர் வச்சிருக்கோம். ஆயுர்வேத மருந்து நூலே பொடிக்கு ரெண்டுலேர்ந்து நாலு கிராம்னு அளவு போட்டிருக்கு. அளவு சொல்ற மரபை அளவே சொல்லாத நாம காப்பாத்தறோமாம்!

"இது நம்ம மண்ணின் மூலிகை, நம்ம உடம்புக்கு ஒத்துக்கும்." இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதிமதுரம் நம்ம மண்ணுலயே இல்லை ராசா. மத்தியதரைக் கடல் ஓரத்துல இருந்து மத்திய ஆசியா வரைக்கும் வளர்ற பயறு வகைச் செடி. கடையில கிடைக்கிற வேர் காலங்காலமா ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துல இருந்து வர்ற சரக்கு. கிரேக்கத்துல தியோப்ராஸ்டஸ் ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் முன்னாடி இதை சித்தியர் நாட்டு வேர்னு எழுதிட்டார். நாம 'அதி மதுரம்'னோம், கிரேக்கன் 'இனிப்பு வேர்'னு பேர் வச்சான். நாக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். சிறுநீரகமும் ஒண்ணுதான்.

"இங்கிலீஷ் மருந்துல மட்டும் பக்கவிளைவு இல்லையா?" இருக்கு, எக்கச்சக்கமா இருக்கு. ஆனா மாத்திரை டப்பாவுக்குள்ள நாலா மடிச்ச ஒரு காகிதம் இருக்கும் பாருங்க, அதுல எழுதியிருக்கும். நான் கேக்கறது அந்தக் காகிதத்தைத்தான். மூலிகைக்கும் அதை எழுதுங்க.

இன்னொரு கோஷ்டிக்கும் ரெண்டு வார்த்தை. "நாட்டு மருந்தே மூடநம்பிக்கை"ன்னு நக்கலடிக்கிற பகுத்தறிவு நண்பர்களே, நீங்களும் இதுல பங்காளிதான். எங்கம்மா டாக்டர்கிட்ட சொல்லாததுக்கு, அது மருந்தில்லைன்னு நினைச்சது பாதிக் காரணம். சொன்னா சிரிப்பாங்க, திட்டுவாங்கங்கிற பயம் மீதிக் காரணம். அவங்களே அப்புறமா எங்கிட்ட சொன்னது இது. சிரிச்சா ஜனங்க குடிக்கிறதை நிறுத்த மாட்டாங்க, சொல்றதைத்தான் நிறுத்துவாங்க.

சரி, மூலிகைப் பதிவே போடக் கூடாதா? தாராளமாப் போடுங்க. ஆனா அஞ்சு விஷயம் இல்லாமப் போடாதீங்க. எவ்வளவு (ஸ்பூன் இல்லை, கிராம்). எத்தனை நாள். யார் தொடவே கூடாது. எந்த மாத்திரையோட சேரக் கூடாது. என்ன தெரிஞ்சா உடனே நிறுத்தணும். அதிமதுரத்துக்கு நானே எழுதறேன்: நாலஞ்சு கிராமைத் தாண்டி வேண்டாம், அதுவும் தொண்டைக்கட்டுக்கு நாலு நாள் போதும், வைத்தியரோ டாக்டரோ சொல்லாம வாரக்கணக்கில் வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் தொட வேண்டாம். நீர் மாத்திரை, டிகாக்சின் சாப்பிடறவங்க தொடவே வேண்டாம். கால் வீங்கினா, தசை பலவீனமானா, படபடன்னு வந்தா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க, மறக்காம அதிமதுரம்னு பேரைச் சொல்லுங்க.

இந்த அஞ்சையும் எழுத முடியலையா? அப்ப நமக்கு அந்த மூலிகையைப் பத்தித் தெரியலைன்னு அர்த்தம். சினிமா விமர்சனம் எழுதுவோம். தப்பா எழுதினா ஒருத்தரோட டிக்கெட் காசுதான் போகும்.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு"ன்னு எல்லாரும் சொல்றோம். அந்த அளவு எவ்வளவுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்றதில்லை.

என்னோட பழைய பதிவை அழிக்கலை. அழிச்சா தப்பிச்ச மாதிரி ஆயிடும். தலைப்புக்கு மேலேயே தடிச்ச எழுத்துல திருத்தம் போட்டிருக்கேன்: "இதை எழுதியவனின் அம்மா இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார்."

பி.கு. 1: ஆங்கிலத்துல 'இந்தியன் லிக்கரிஸ்'னு ஒரு பேரைப் பார்த்து அதிமதுரம்னு மொழிபெயர்த்துடாதீங்க. அது குன்றிமணிச் செடி. அதோட விதை கொடிய விஷம். மொழிபெயர்ப்பு மூலிகைப் பதிவர்கள் கவனிக்க.

பி.கு. 2: அம்மா இந்தப் பதிவையும் படிச்சாங்க. "பதினாறு பயன்ல ஒண்ணாவது எனக்குக் கிடைச்சுதே, அதையும் எழுதுடா"ன்னாங்க. எழுதிட்டேன்மா :-)