பிரித்ததைக் கலக்காதீர்கள்: தேனி மாவட்ட வீட்டுக் குப்பை குறித்து எங்கள் நிலைப்பாடு

தேனி மாவட்டத்தில் எந்த வார்டில் குப்பை வண்டி, பிரித்துக் கொடுத்த குப்பையைக் கடைசி வரை பிரித்தபடியே கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ, அந்த வார்டில் மட்டும் பிரிக்காத வீட்டுக்கு அபராதம் போடலாம். மற்ற வார்டுகளில் போடக் கூடாது. விவசாயிகளும் வியாபாரிகளும் குடியிருப்போரும் சேர்ந்த எங்கள் அமைப்பு, உறுப்பினர்களிடையே நடந்த காரசாரமான விவாதத்துக்குப் பிறகு எடுத்திருக்கும் நிலைப்பாடு இது.

வீடுகளுக்கு நாங்கள் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது பற்றி நாடு தழுவிய விதிகள் பேசத் தொடங்கியது 2000இல். அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன பொதுநல வழக்கின் பலன் அது. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாகப் பிரிப்பதை வீட்டுக்காரரின் கடமையாக்கின. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த புதிய விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, சானிட்டரி கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. விதி சரிதான், நாங்களும் அதன் பக்கம்தான். ஆனால் மக்கும் குப்பை ஒரு தொட்டியிலும் மக்காதது இன்னொரு தொட்டியிலுமாகச் சேர்த்து வைத்து, விசில் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வருகிற வீட்டுக்காரம்மாவின் கண்ணெதிரிலேயே இரண்டும் ஒரே வண்டியில் ஒரே குவியலாக விழுந்தால், மறுநாள் அவர் எதற்காகப் பிரிக்க வேண்டும்? பல தெருக்களில் இதுதான் நடக்கிறது. ஆறு நகராட்சிகளும் 22 பேரூராட்சிகளும் 130 ஊராட்சிகளும் உள்ள மாவட்டத்தில் ஒழுங்காகச் செய்கிற ஊர்களும் உண்டு. அந்த ஊர்களுக்கு இந்த அறிக்கையால் ஒரு சங்கடமும் வராது.

கலப்பதால் வரும் கெடுதல் நம் கம்பம் பள்ளத்தாக்கில் நேராக மண்ணில் போய் முடிகிறது. வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி ஈரக் கழிவு. பெருநகரங்களில் அதை உரமாக்கினாலும் யார் வாங்குவார்கள் என்ற தவிப்பு இருக்கிறது. இங்கேயோ நகராட்சி எல்லை முடிகிற இடத்தில் தோட்டம் தொடங்கிவிடுகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, சின்னமனூர் வாழை, சீலையம்பட்டிச் சந்தைக்கு வரும் பூ, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பிய 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று உரம் கேட்கும் நிலத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் தொழு உரத்துக்கு அலைந்து, கிடை போட ஆடு தேடுகிற விவசாயி, உள்ளூர்க் குப்பை உரத்தைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்.

ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். கலந்த குப்பையில் செய்த உரத்தைச் சல்லடையில் சலித்த பிறகும் ஷாம்பு பாக்கெட்டின் மூலை, பால் கவரில் வெட்டிய நுனி, நகத்தளவு கண்ணாடிச் சில்லு எல்லாம் கருப்பு மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. திராட்சைப் பந்தலுக்கு அடியில் வெறுங்காலோடு கவாத்துக் குச்சி பொறுக்குகிற பெண்ணுக்கு அந்தச் சில்லு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. (பால் கவரின் நுனியை முழுதாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி கீறி ஊற்றுங்கள். இதற்குச் செலவும் இல்லை, சட்டமும் தேவையில்லை.) கண்ணுக்குத் தெரியாத கெடுதலும் உண்டு. நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. தீர்ந்துபோன பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் சோற்றோடு கிடந்து ஊறிய குப்பையில் அந்த வரம்பைக் காப்பாற்றுவது சிரமம். பிரித்து வாங்கிய ஈரக் கழிவோ, சாணிக் கரைசல் தெளித்துக் கிளறிவிட்டால் ஒன்றரை மாதத்தில் நல்ல உரமாகிவிடும்.

ஆகவே நாங்கள் முதலில் கேட்பது வண்டியில் தடுப்பு. பேட்டரி வண்டியோ தள்ளுவண்டியோ, ஈரத்துக்கும் உலர்ந்ததற்கும் தனி அறை வேண்டும். அதற்குப் பணமில்லை என்றால் நாள் பிரியுங்கள். ஈரக் கழிவைத் தினமும், உலர்ந்ததை வாரத்தில் ஒரு நாளும் வாங்கலாம். காய்ந்த பிளாஸ்டிக் ஒரு வாரம் வீட்டில் இருந்தாலும் நாறாது. நாப்கினும் குழந்தைகளின் டயப்பரும் தாளில் சுற்றித் தனியே வர வேண்டும் என்பதில் வீடுகள் சாக்குச் சொல்ல இடமில்லை. அதைக் கையால் பிரித்தெடுப்பவர் தூய்மைப் பணியாளர். கையுறை கொடுத்துவிட்டோம் என்பது அதற்குப் பதிலாகாது.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்று மருந்து டப்பா. தோட்டத்துக்கு அடித்த பூச்சிமருந்தின் காலிப் பாட்டில் வாய்க்காலிலோ வீட்டுக் குப்பையிலோ விழுகிறது. கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். அதைப் பூச்சிமருந்துக் கடையிலேயே திரும்ப வாங்க ஏற்பாடு வேண்டும், முன்பணம் பிடித்துக்கொண்டாலும் சரி. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காலிப் பாட்டிலுக்கு விலை இருந்தால் அது காட்டில் உடைந்து கிடக்காது என்று அந்த ஏற்பாடு காட்டியது. மதுப்பாட்டிலுக்குச் செய்ய முடிந்ததை விஷப் பாட்டிலுக்கும் செய்யலாம்.

அபராதம் போட்டே ஆக வேண்டும் என்றால், பெரிய இடங்களிலிருந்து தொடங்குங்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களுக்கு 2016 விதிகளே தனிப் பொறுப்பு வைத்தன. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தின் பின்வாசலைப் பாருங்கள். பந்தி முடிந்ததும் மேசை மேல் விரித்த பிளாஸ்டிக் பூசிய தாளை, இலை, மிச்சச் சோறு, ஐஸ்கிரீம் கப், பாதி குடித்த தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் ஒரு முனையிலிருந்து பாயைப் போலச் சுருட்டிக்கொண்டே போகிறார்கள். அரை நிமிடத்தில் மேசை சுத்தம். அந்தச் சுருளை அதன் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வெறும் வாழையிலையாக இருந்திருந்தால் மாட்டுக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் உரக்குழிக்குப் போயிருக்கும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ள மாநிலம் இது. மண்டபத்துக்கு உரிமம் தரும்போதே மேசைத் தாளுக்குத் தடை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கும், கார்த்திகை, மார்கழியில் கம்பம் வழியாகக் குமுளி போகும் ஐயப்ப பக்தர்களின் அன்னதானப் பந்தல்களுக்கும் அனுமதி தரும்போது இதே நிபந்தனையை வைக்கலாம்.

குப்பையைக் கொளுத்துவது இன்னொரு குற்றம். வெட்டவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியாயிற்று. உள்ளாட்சியின் குப்பையே எரிந்தால் அந்தத் தொகை பொறுப்பு அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கப்பட வேண்டும். தீ வைக்கச் சொல்லி ஏவப்பட்ட பணியாளரின் கூலியில் கை வைக்கக் கூடாது.

கேரளத்திலிருந்து வந்து கொட்டப்படும் கழிவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் கேரளம் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சோதனைச் சாவடிகளில் கண்காணிப்பு தளரவே கூடாது. ஆனால் ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது மடைகளில் வந்து அடைக்கிற பாலித்தீன் பையும் பாட்டிலும் நம் ஊர்களில் நாம் எறிந்தவை. அதே தண்ணீர்தான் வைகை அணைக்குப் போய் மதுரைக்குக் குடிநீராகிறது. அண்டை மாநிலத்தைத் திட்டுகிற நேரத்தில் அங்கிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளவும் செய்யலாம். இடுக்கியிலும் மற்ற மாவட்டங்களிலும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து, கழுவிக் காய வைத்த பிளாஸ்டிக்கை மாதக் கட்டணத்தோடு வாங்கிப் போகிறார்கள். கழுவாத கவரைத் தனியே வாங்கி வைத்தாலும் விலை போகாது, அதனால்தான் அந்த நிபந்தனை.

வாங்கிச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் அந்த ஏற்பாடு நம்மிடமும் பாதி இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரரும், சைக்கிளில் சாக்குக் கட்டிக்கொண்டு அட்டையும் பாட்டிலும் எடுப்பவரும் எந்தத் திட்டமும் வருவதற்கு முன்பே மறுசுழற்சி செய்தவர்கள். அவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்து, வளம் மீட்புப் பூங்காக்களில் எடை போட்டு வாங்க அனுமதியுங்கள். அவர்களும் தொடாத பல அடுக்கு பாக்கெட்டுகள் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகட்டும், அந்தச் செலவைப் பாக்கெட் போட்ட நிறுவனங்களிடம் கேளுங்கள். 2022இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதி அதற்கு வழி வைத்திருக்கிறது.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே பெரிய கிடங்கு அமைப்பதையோ, எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வைப்பதையோ நாங்கள் ஏற்கவில்லை. பாதி ஈரமான குப்பை நன்றாக எரியாது. தொலைவில் ஒரு கிடங்கு இருந்தால் பிரிக்கும் கவலையே யாருக்கும் இருக்காது, அந்தக் கிடங்கும் ஏதோ ஒரு சின்ன ஊராட்சியின் தலையில்தான் விழும்.

எவ்வளவு ஈரக் கழிவு வந்தது, எவ்வளவு உரமானது, உலர்ந்ததை விற்ற பணத்தில் பணியாளருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை வார்டுவாரியாக மாதந்தோறும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். உரத்தின் ஆய்வக அறிக்கையும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். அது வரம்புக்குள் இருந்தால் எங்கள் விவசாய உறுப்பினர்கள் விலை கொடுத்தே வாங்கிக்கொள்வார்கள். இந்தக் கோரிக்கைகளை நகரங்களில் பகுதி சபையிலும் ஊராட்சிகளில் கிராம சபையிலும் எங்கள் உறுப்பினர்கள் தீர்மானமாகக் கொண்டுவருவார்கள். வண்டியில் தடுப்பு வராத வார்டில் வீடுகளுக்கு அபராத நோட்டீஸ் வந்தால், அதே கூட்டத்தில் அதை எதிர்த்தும் தீர்மானம் வரும்.