குளிர்க்காற்றை நகர்த்துங்கள்

வெர்மான்ட், மெய்ன் போன்ற அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் கூடத்து விறகு அடுப்பருகே வியர்க்கும். கடைசிப் படுக்கையறையில் விரல் விறைக்கும். உடனே பலர் அடுப்புக்குப் பின்னால் மின்விசிறி வைக்கிறார்கள். அதைவிடப் பயன் தருவது வேறு: குளிர்ந்த அறையின் வாசலில், தரையிலேயே ஒரு சிறு விசிறியை அடுப்பை நோக்கி மெதுவாக ஓட விடுங்கள். கனமான குளிர்க்காற்று கீழே வெளியேற, சூடான காற்று கூரையை ஒட்டி உள்ளே வரும். நிலையின் மேல்பக்கம் கட்டிய நூல் அறைக்குள் சாய்ந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். மாடியைச் சூடேற்றக் கூரையில் கண்டபடி துளை போடாதீர்கள். தீப்பிடித்தால் புகையும் அவ்வழியே ஏறும். அடுப்பருகே காற்றை உறிஞ்சும் விசிறியும் ஆகாது. அது புகைபோக்கியின் இழுவையைக் கெடுத்து, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் கொண்டுவரலாம். விறகு எரியும் வீட்டில் அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.